ஜோடியில்லாத நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய காருக்கு இழுவையைக் கூட்ட வேண்டுமானால், அது அதுவரை ஓடிய ரோடுகளை எல்லாம் முதலில் இறக்கி வைத்துவிட வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இறக்காமல் இன்ஜினில் கை வைத்தால், புது வேகத்தைத் தாங்காமல் பழைய ரோடுகள் உள்ளேயே கிழிந்துவிடும். பல்லடத்தில் ஒருவர் அவசரப்பட்டு அப்படிச் செய்துவிட்டு, இன்றைக்கும் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும்தான் வண்டி ஓட்டுகிறார். அதற்கு மேல் அவரிடம் ரோடு இல்லை.

பூங்கோதையின் நீல நிறக் கார் இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றேழாயிரம் ஓடியிருந்தது. இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு, சாவியைத் திருகினால் தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற ஜாதி. திருப்பூர்ப் பல் டாக்டர் ஒருவர் அறுபத்தோராயிரம் ஓட்டிவிட்டுக் கொடுத்ததை ஒன்பது வருடமாக இவள் ஓட்டுகிறாள். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர்; அங்கே ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. சாயங்காலம் அதே நாற்பத்திரண்டு திரும்பி. திங்கள், புதன், வெள்ளி மட்டும் பக்கத்து இருக்கையில் அப்பா நாச்சிமுத்து இருப்பார். கோவை ஆஸ்பத்திரியில் அவருடைய ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். ஒரு நாள் தவறினால் கால் வீங்கி மூச்சு முட்டும். ஆகவே அந்த வண்டி ஒரு நாள்கூட நடுவழியில் நிற்கக் கூடாது.

நாச்சிமுத்து இருபத்தாறு வருடம் பந்தயத் திடலில் கொடி காட்டியவர். ஆயிரக்கணக்கான கார்கள் அவர் மூக்குக்கு முன்னால் பறந்திருக்கின்றன. ஒன்றில்கூட அவர் உட்கார்ந்து போனதில்லை. அந்தக் காலத்து ஸ்டாப்வாட்ச் இன்னும் அவர் கழுத்தில் தொங்குகிறது. ஆஸ்பத்திரி வாசலில் அதை அமுக்குவார். திரும்பி வரும் வழியில் கிணத்துக்கடவு மேம்பாலம் ஏறியதும், கண்ணை மூடியிருந்தாலும் திறந்து, நேரத்தை நிமிடம், நொடியோடு உரக்கச் சொல்வார். ஆறு வருடமாக ஒரு தடவைகூடச் சொல்லாமல் இருந்ததில்லை.

ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னபோதுகூட முகம் சுளிக்காத மனிதர், போன மாதம் வாய்விட்டு ஒன்று கேட்டார்.

"ஒருக்கா நல்லா இழுக்கோணும் கண்ணு. முதுகு சீட்டுல போய் ஒட்டோணும். அவ்வளவுதான்."

கிணத்துக்கடவு தாண்டி, தென்னந்தோப்புக்குள் பட்டறை வைத்திருக்கும் பொங்கியண்ணனிடம் பூங்கோதை வண்டியைக் கொண்டுபோனாள். அவர் அதை இரண்டு முறை சுற்றி வந்தார். நாலு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தார். நாலும் ஒன்று போல இருந்தது. அப்படியும் அவர் இன்ஜின் பக்கம் போகவில்லை.

"மொதல்ல நிக்கறதுக்கு வழி பண்ணோணுங். ஓடறதெல்லாம் பொறவு" என்றார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று. பிரேக், டயர், ஆடிப்போயிருந்த புஷ்கள், ரேடியேட்டர், அதன் ரப்பர்க் குழாய்கள். பதறாத காரியம் சிதறாது என்று பூங்கோதையும் பொறுத்துக்கொண்டாள். நாச்சிமுத்துதான் பட்டறை அலமாரியில் இருந்த, இன்ஜினுக்கு இழுவை கூட்டும் பெரிய டர்போவையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனப்பா, அந்தப் பெருசையே போட்டா என்ன?"

"அது பந்தயத்துக்குங் ஐயா. உங்க வண்டி நாளைக்கும் ஆஸ்பத்திரி போகோணுமில்லீங்? விரலுக்குத் தக்க வீக்கம் போதுங்" என்று பொங்கியண்ணன் அதைவிடச் சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, காலை ஏழு மணிக்கு ரோடு இறக்க ஆரம்பித்தார்கள். மறுநாள் புதன். அதற்குள் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றியாக வேண்டும். பொங்கியண்ணன் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, உள்ளே இரண்டு விரலை விட்டு, ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். ரோடு வந்தது. ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையைப் பூங்கோதை பிடித்துக்கொண்டு தோப்புக்குள் நடந்தாள். பிறகு இருவரும் எதிரெதிரே வந்து வேட்டி மடிப்பது போல் நாலாக மடித்து, தென்னைகளுக்கு நடுவே அடுக்கினார்கள். ரோடு ஒன்றும் கனமில்லை. அதில் பெய்திருந்த மழைதான் கனம்.

காலையில் பட்டறைக்கு வந்த பாதி ரோடு முதலில் வந்தது, அதன் பின் நேற்று ஓடியது. பிறகு அதற்கு முந்தைய நாள். தினம் போய்வந்த ஒரே ரோடுதானே என்று பூங்கோதை நினைத்திருந்தாள். பத்து மணிக்கெல்லாம் அந்த நினைப்பு போய்விட்டது. ஒன்றில் ஈச்சனாரியில் தேர் நின்றது. ஒன்றில் பாலக்காட்டுக் காற்று வண்டியை ஒரு முழம் தள்ளியிருந்தது. ஒன்றில் வழி முழுக்கத் தக்காளி சிந்தியிருந்தது. ஒன்றில் அவள் அழுதிருக்கிறாள். எதற்கென்று நினைவில்லை, ரோடு மட்டும் வைத்திருந்தது. கம்பெனிக்குப் போன நாட்களில் இடப்பக்கச் சக்கரத்தின் தடம் இலேசு. அப்பாவோடு போன நாட்களில் இரண்டு பக்கமும் சமம். காதை வைத்தால், திரும்பிய ரோடு ஒவ்வொன்றிலும் மேம்பாலத்தின் மேல் அவர் குரல் இருந்தது. முப்பத்தொன்று இருபது. முப்பத்து மூன்று பத்து. மழை நாளில் நாற்பத்து நான்கு.

மதியத்துக்குள் தோப்பு நிறைந்துவிட்டது. அடுக்கு தென்னங்குலை உயரத்துக்கு வந்தது. பல் டாக்டரின் அறுபத்தோராயிரம் தனி முடிச்சாக வந்தது. அதில் வியாழக்கிழமை ரோடுகள் மட்டும் மல்லிகைப்பூ மணந்தன. பூங்கோதை அது ஏனென்று கேட்கவில்லை. அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். தினமும் காலை ஏழரைக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பிக் கிளம்பி இவ்வளவு பெரியதைத் தான் செய்துவைத்திருக்கிறோம் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. கோயில் கோபுரத்துக்குக்கூட அவள் இப்படிக் கைகட்டி நின்றதில்லை.

நாச்சிமுத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனையும் நாம போனதா?"

"போனதும் வந்ததுங்ப்பா."

டர்போ பொருந்திவிட்டது. அதன் பிறகுதான் பொங்கியண்ணன் அளவு நாடாவோடு வந்து சொன்னார். புதுச் சாமான் அடைத்துக்கொண்ட இடம் போக, உள்ளே நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ரோட்டுக்கு இடம் போதவில்லை. ஏதாவது ஒரு ரோட்டை வெளியே விட்டுவிட வேண்டும். விட்ட பயணம் நடக்காததாகிவிடும்.

அது விளையாட்டுக் காரியமில்லை. சோமனூர்க்காரர் ஒருவர், பழைய ரோடுதானே என்று, தான் பெண் பார்க்கப் போன ரோட்டை விட்டுவிட்டார். வீட்டுக்குப் போனபோது இரண்டு பிள்ளைகளும் அவரை மாமா என்று கூப்பிட்டு, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள்.

பல் டாக்டரின் முடிச்சை அவர் கையெழுத்து இல்லாமல் அவிழ்க்க முடியாது. அப்பாவை அழைத்துப்போன ரோடு எதையும் விட முடியாது. விட்டால் அன்றைய சிகிச்சை இல்லாமல் போய், அவர் உட்கார்ந்த இடத்திலேயே வீங்க ஆரம்பிப்பார். மிச்சம் கம்பெனி ரோடுகள். பூங்கோதை ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமைக் காலையை எடுத்து நீட்டினாள்.

"போன ரோட்டை விட்டா வந்த ரோடு தனியா நிக்குமில்லீங் அம்மணி? போகாத எடத்துலிருந்து எப்படித் திரும்புவீங்?" என்றார் பொங்கியண்ணன்.

"ரெண்டையும் விட்டா?"

"எண்பத்து நாலு ஆயிருமுங். நடுவுல காலி விழுந்துச்சுன்னா ஓடறப்போ ரோடெல்லாம் ஒன்னு மேல ஒன்னு ஏறிக்குங். நமக்கு ஜோடியில்லாத ரோடு ஒன்னுதான் வேணும்."

அளவு போதாத அந்தக் காலைப் பாதி ரோடு தவிர, எல்லா ரோட்டுக்கும் ஜோடி இருந்தது. மூன்று மணி ஆயிற்று. ஒன்று குறையாமல் இரண்டு முறை தேடினார்கள். ஏற்றுவதற்கே நாலு மணி நேரம் வேண்டும். அப்பாவின் ஆசைக்குத் தலையாட்டி, நாளைய ஆஸ்பத்திரிக்கே உலை வைத்துவிட்டோமே என்று பூங்கோதை தன்னையே திட்டிக்கொண்டாள். பொங்கியண்ணன் கடைசியாக ஒரு தடவை மூடிக்குள் கையை முழங்கை வரை விட்டுத் துழாவினார்.

இன்னொன்று வந்தது. புது ரோடு. தார் வாசனைகூடப் போகவில்லை.

"ரொம்ப ஓடின வண்டிங்க இனி போகப்போறதையும் சித்த முன்கூட்டியே ஓடி வெச்சிருக்குமுங்" என்று சொல்லிவிட்டு, அதை அவள் கையில் கொடுத்தார்.

பூங்கோதை விரித்துப் பார்த்தாள். கோவையிலிருந்து பொள்ளாச்சிக்குத் திரும்புகிற ரோடு. கம்பெனி வாசலில் அது தொடங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கியது. இடப்பக்கத் தடம் இலேசாக இருந்தது. அவள் காதை வைத்தாள். மேம்பாலம் வந்தது. ஸ்டாப்வாட்ச் ஓடுகிற சத்தம் பக்கத்து இருக்கையிலிருந்து கேட்டது. யாரும் நேரம் சொல்லவில்லை.

அவள் பயந்துபோய் அதை மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

"ஜோடி இல்லீங். நாப்பத்திரண்டு சரியா இருக்குது" என்றார் பொங்கியண்ணன் மெதுவாக.

"இதை விட்டா?"

"இப்படித் திரும்பி வர மாட்டீங்."

"வேற எப்படி வருவேன்?"

"அது வண்டிக்குத்தானுங் தெரியும்."

நாற்காலியிலிருந்து நாச்சிமுத்து குரல் கொடுத்தார். "என்ன ரோடு கண்ணு அது? புதுசாத் தெரியுது."

"நமக்கு வேண்டாத ரோடுங்ப்பா" என்று சொல்லிவிட்டு, பூங்கோதை அதைப் பட்டறைத் திட்டில் வைத்தாள்.

மற்றதை எல்லாம் ராத்திரி எட்டு மணிக்குள் ஏற்றிவிட்டார்கள். பழையது முதலில், புதியது கடைசியில், போனதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையில் பொங்கியண்ணன் கறாராக இருந்தார். தொழில் கற்ற புதிதில் ஒரு வக்கீலின் வண்டியில் அவர் மாற்றி ஏற்றிவிட்டார். அந்த வக்கீல் இன்றும் காலையில் கோர்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்து, சாயங்காலம் கிளம்பிப் போகிறார்.

புதன்கிழமை காலை, கிணத்துக்கடவு தாண்டியதும் ரோடு நேராக, காலியாகக் கிடந்தது. பூங்கோதை முதலில் பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்த்துக்கொண்டாள். நின்றது. பிறகு அழுத்தினாள்.

உள்ளே மடித்து வைத்திருந்த அத்தனை ரோடுகளும் ஒன்றாக எழுந்து கொடுத்தன. ஒன்பது வருடத்துக் காலைகள் எல்லாம் பின்னாலிருந்து தள்ளின. புளியமரங்கள் ஒரே மரமாகின. நாச்சிமுத்துவின் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாகப் போயிற்று. வண்டி கொஞ்சம்கூட நடுங்கவில்லை. பூங்கோதைக்குச் சாமி கும்பிட வேண்டும் போல இருந்தது. கையை எடுக்க முடியாததால் கும்பிடவில்லை.

வேகம் குறைந்ததும் அவர் பேசினார்.

"கொடி காட்டறப்போ ஒவ்வொரு வண்டியும் மூஞ்சில ஒரு காத்து அடிச்சிட்டுப் போகும் கண்ணு. அது எங்க போகுதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

மூன்று மாதம் கழித்து, ஐயாயிரம் ஓடியதும், ஆயில் மாற்ற அப்பாவும் மகளும் பட்டறைக்குப் போனார்கள். அத்தனை ஓடிய இன்ஜினுக்கு ஐயாயிரத்துக்கு ஒரு தடவை மாற்றுவதுதான் நல்லது. விட்டுப்போன அந்தப் புது ரோட்டைப் பொங்கியண்ணன் வீணாக்கவில்லை. மழைக்குச் சேறாகிறது என்று கேட்டிலிருந்து பட்டறை வரைக்கும் விரித்துப் போட்டிருந்தார். அகலம் சரியாக இருந்தது.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அதன் மேல் ஒரு நீல நிறக் கார் வந்து நின்றது. இடப்பக்க இருக்கை காலி. ஓட்டி வந்த பெண்ணுக்குப் பூங்கோதையின் முகம்; கத்தரிப்பூ நிறப் புடவை கட்டியிருந்தாள். பூங்கோதையிடம் அந்த நிறத்தில் புடவை இல்லை. தனக்கு எடுப்பாகத்தான் இருக்கும் என்று இப்போது தெரிந்தது.

"வாரத்துல ரெண்டு தடவை வருதுங்" என்றபடி பொங்கியண்ணன் எழுந்து போனார். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தார். இதற்கு மேல் ரோடு இல்லை என்று கையைக் காட்டி, வண்டியைத் திருப்பிவிட்டார்.

"வலது பக்க பிரேக் லைட் எரியல. பாத்துப் போடச் சொல்லு" என்றார் நாச்சிமுத்து.

பூங்கோதை தன் வண்டியிலிருந்து ஒரு பல்பை எடுத்துப் போய் மாட்டினாள். எரிந்தது. அந்தப் பெண் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எதற்கோ காத்திருப்பது போலக் கிளம்பாமலே இருந்தாள்.

நாச்சிமுத்து டீ டம்ளரைக் கீழே வைத்தார். கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்ச்சைத் தூக்கிக் கண்ணருகே பிடித்து, அந்த வண்டிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"முப்பத்தொன்னு இருவது!"

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தாள்.