முதுகு காட்டும் வேலை

சினிமா ஸ்டூடியோவில் சேர்ந்த பதினெட்டு மாதத்தில் நாடீன் லேக் முப்பத்தொரு பேரைக் காதலித்துவிட்டாள். ஆளுக்குப் பத்து நிமிடம். நடிக்க வருகிற புதுப் பையன்களைப் டெஸ்ட் என்று படம்பிடித்துப் பார்ப்பதற்கு, எதிரே நின்று பேச ஒரு பெண் வேண்டுமல்லவா? அந்தப் பெண் இவள்தான். கேமரா அவள் தோளுக்குப் பின்னால் நிற்கும். பையனின் முகம் முழுதாக விழும். இவளுடைய கொண்டையும் இடது காதும் ஓரத்தில் விழும்.

அந்த முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர் இப்போது கதாநாயகர்கள். ஒருத்தனுடைய முகம் சன்செட் சாலையில் மூன்று மாடி உயரத்துக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அவனுக்கு வசனம் மறந்தபோது எடுத்துக் கொடுத்தவள் இவள். காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோன கதைதான்.

ஒப்பந்தம் என்னவோ ஏழு வருடத்துக்கு. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆப்ஷன் நாள் வரும். ஸ்டூடியோவுக்கு வேண்டுமென்றால் நீட்டிப்பார்கள், வேண்டாமென்றால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். வருகிற வெள்ளிக்கிழமை நாடீனுக்கும், அவளோடு ஒரே அறையில் குடியிருந்த ஓபலுக்கும் சேர்ந்தே ஆப்ஷன் நாள். நாடீனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. செவ்வாய் காலை ரொட்டியைக் கருக்கினாள். காலுறையை இரண்டு தரம் மாற்றினாள். அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"உக்காருடி. நீ நடக்கிற நடைக்குக் கீழ்வீட்டுக்காரி, கூரை விழுதுன்னு ஓடி வரப்போறா" என்றாள் ஓபல்.

"வேலை போச்சுன்னா என்னடி பண்றது? ஊருக்கு, ஒமாஹாவுக்குப் போய் அப்பா கடையில கறிப் பொட்டலம் கட்டவா?"

"எனக்கும் அதே கதிதான். நானாவது ரெண்டு படத்துல வேலைக்காரியா வந்து கதவைத் திறந்துவிட்டிருக்கேன். உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு முதலாளிக்குத் தெரியுமா?"

ஓபல் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனாலும் சுருக்கென்று தைத்தது. டிராமுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நாடீன் ஸ்டூடியோவரை நடந்தே போனாள். இன்று எடுக்கிற டெஸ்ட்டை வியாழக்கிழமை முதலாளி பார்ப்பார். வெள்ளிக்கிழமைக்கு முன் தன் முகத்தை அவர் கண்ணில் காட்ட வேறு வழி கிடையாது. ஸ்டூடியோ வாசலை மிதிக்கும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள்.

அன்றைக்கு வந்தவன் வார்ட் டில்மன். ஓக்லஹோமாவில் எண்ணெய் லாரி ஓட்டியவன். கதவளவு தோள், குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பயமா இருக்கு மேடம்" என்றான்.

"எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள் நாடீன். அவளுக்கு அவனைவிட உதறல்.

டெஸ்ட் எடுப்பவர் கிட்ரிட்ஜ். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்பதுபோல் முகத்தை வைத்திருப்பார். போரிலிருந்து திரும்பிய சிப்பாய், காத்திருந்த பெண்ணிடம் உண்மையைச் சொல்கிற காட்சி. "நான் வேறொருத்தியைக் கட்டிக்கிட்டேன்" என்று வார்ட் சொன்னான். அந்த இடத்தில் நாடீன் அசையக்கூடாது. ஆனால் தரையில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி அவள் நடந்தாள். அவனைக் கடந்து, பின்னாலிருந்த ஜன்னலருகே போய்த் திரும்பி நின்றாள். பாவம், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தாயைத் தேடும் கன்றுக்குட்டிபோல் அவள் பக்கம் திரும்பினான். இப்போது கேமராவுக்கு அவன் முதுகு, அவள் முகம்.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அவள் அழவும் இல்லை. அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். பதினெட்டு மாதமும் அந்தப் பார்வையில் இருந்தது.

கட் சொல்லிவிட்டு கிட்ரிட்ஜ் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தப்புதான், மிஸ்டர் கிட்ரிட்ஜ்."

"தப்புன்னா அப்பவே நிறுத்தியிருப்பேன்." குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமையோட நான் இங்கேருந்து கிளம்புறேன். ஒரு சின்னக் கம்பெனியில படம் எடுக்கப்போறேன். கைவிடப்பட்ட ஒருத்தியோட கதை, முழுக்க அவதான். ஜன்னல்கிட்ட நின்ன பொண்ணு எனக்கு வேணும். இவங்க உன்னை விட்டா வா. இல்லைன்னா திங்கக்கிழமை காலை எட்டு மணிக்கு அங்க வர்றவங்கள்ல நல்லாப் பண்றவளை எடுத்துக்குவேன். உனக்காகக் காத்திருக்க எனக்கு நேரமில்ல."

அதோடு பயம் தலைகீழாகிவிட்டது. எதை நினைத்து நடுங்கினாளோ, அது நடக்கவேண்டுமே என்று தவித்தாள். புதனும் வியாழனும் ஓபலிடம் மூச்சு விடவில்லை. விஷயம் தெரிந்து, வேலையும் போனால் ஓபலும்தான் எட்டு மணிக்குப் போய் நிற்பாள். கதவைத் திறந்துவிடுகிற வேடத்தைக்கூட நன்றாகச் செய்தவள் அவள்; கிட்ரிட்ஜ் மனம் மாறிவிட்டால்?

வெள்ளிக்கிழமை ஒப்பந்த அலுவலகத்தில் ப்ரூயிட் எழுந்து நின்று கை குலுக்கினார்.

"வாழ்த்துக்கள்மா! நீட்டிச்சாச்சு. முதலாளி டெஸ்ட்டைப் பார்த்தார். அந்தப் பையன் திரும்பினான் பாரு, ஆள் சொக்கிப்போயிட்டார். என்ன தோள்டான்னார். அவனைத் திருப்பினது யாருன்னு கேட்டார். இனிமே வர்ற பையன் அத்தனை பேருக்கும் நீதான்."

"என் முகத்தைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

ப்ரூயிட் கையிலிருந்த தாளைப் புரட்டினார். "முகமா? ஒண்ணும் எழுதலையே."

"எனக்கு வேண்டாம்னா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆப்ஷன் எங்களோடதும்மா. உன்னோடது இல்ல. ஏழு வருஷத்துல இன்னும் அஞ்சரை பாக்கி இருக்கு, போ."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. தானே பிடித்த குரங்கு என்பதால் யாரைத் திட்டுவது என்றும் நாடீனுக்குத் தெரியவில்லை.

வெளியே படிக்கட்டில் ஓபல் உட்கார்ந்திருந்தாள். கண்மை கன்னம்வரை வழிந்திருந்தது.

"எனக்குப் போச்சுடி. உனக்கு?"

"நீட்டிச்சுட்டாங்க."

"கொடுத்துவச்சவடி நீ." ஓபல் மனதாரத்தான் சொன்னாள்.

வேலை போனவளைப் பார்த்து வயிறெரிவது நாடீனுக்கு அதுவே முதல்முறை. சொல்லவேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. எனக்குக் கிடைக்காதது இவளுக்கு மட்டும் எதற்கு? இரண்டு படி இறங்கினாள். நின்றாள். திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கிட்ரிட்ஜ் வேற இடத்துல படம் எடுக்கறார். ஒரு பொண்ணு வேணுமாம், பெரிய வேஷம். திங்கக்கிழமை எட்டு மணிக்குப் போய் நில்லு. அழாதே. சும்மா பார்த்தாலே போதும், அவருக்கு அதான் பிடிக்கும்."

ஓபல் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தாள். "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமையே."

"அப்ப நீ ஏன்டி போகலை?"

"எனக்குத்தான் வேலை இருக்கே" என்றாள் நாடீன்.