அத்தை இறங்கிய விதம்

விமானப் பயிற்சிப் பள்ளியில் எல்லோருக்கும் அவள் அத்தை. மேலும் கீழுமாக இரண்டடுக்கு இறக்கை, துணி போர்த்திய உடம்பு, ஒரு பாட்டம் இருமாமல் கிளம்பமாட்டாள். போர்க்காலத்தில் மரப்பெட்டிக்குள் துண்டு துண்டாக வந்து சேர்ந்தவள். அவள் மடியில் உட்கார்ந்து பறக்கக் கற்றவர்கள் பெரிய பெரிய விமானங்களுக்குப் போய்விட்டார்கள். ஒருத்தராவது திரும்பி வந்து எட்டிப் பார்க்க வேண்டுமே, மூச்! மிஞ்சியது அத்தையும், அவளைச் சேர்த்துப் பூட்டிய நாளிலிருந்து ஓட்டிவரும் வாத்தியாரும்தான். அவர் ஏறாமல் அவள் ஒரு நாளும் கிளம்பியதில்லை.

வாத்தியார் ஒண்டிக்கட்டை. அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, பேச்சுத் துணைக்கு ரேடியோ. வானத்தில் மட்டும்தான் அவருக்குத் தனிமை தெரியாது. வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் அவர் பேசுவதில்லை. முன் இருக்கையில் அவர், பின்னால் மாணவன். காற்று இரைச்சலில் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வானேன் என்று சைகையிலேயே காலத்தை ஓட்டினார். இரண்டு கையையும் தூக்கினால் ‘நீ ஓட்டு’. உச்சந்தலையில் கை வைத்தால் ‘விடு, நான் பார்த்துக்கொள்கிறேன்’.

அன்றைக்குப் பின்னால் இருந்தவன் சட்டை மடிப்புக் கலையாத ஒரு மாணவன், பட்டப்பெயர் மாப்பிள்ளை. நன்றாகத்தான் இறக்கிக்கொண்டு வந்தான். தரை நெருங்கும் நேரத்தில் வாத்தியாருடைய தோல் தொப்பியின் வார் அறுந்தது. தொப்பி பறக்கப் பார்க்க, சட்டென்று தலையில் கை வைத்து அமுக்கினார். மாப்பிள்ளை சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. உடனே கையை எடுத்துவிட்டான். ஆக, இரண்டு பேர் ஏறிய விமானத்தை ஒருத்தரும் ஓட்டவில்லை. இடது இறக்கை தரையில் உரசி ஒடிந்தது, மூக்கு மண்ணில் குத்தியது, வால் வானத்தைப் பார்த்தது.

இருவருக்கும் சிராய்ப்போடு போயிற்று. மற்றவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளியின் கமாண்டர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “வண்டி பழசு, கன்ட்ரோல் கம்பி சிக்கிக்கிச்சுன்னு சொல்லிடுங்க. உங்களுக்கும் பையனுக்கும் ஒண்ணும் ஆகாது. புது விமானம் வருது, நீங்களே ஓட்டலாம்.”

“அவளை என்ன செய்வீங்க?”

“உடைச்சு எடைக்குப் போட வேண்டியதுதான்.”

ஒரே ஒரு பொய், இன்னும் சில வருஷத்துக்கு வானம். யாருக்குத்தான் வேண்டாம் என்று சொல்ல மனசு வரும்?

“கம்பியில ஒரு குத்தமும் இல்ல சார்,” என்றார். “தப்பு என்னோடது. தொப்பியைப் பிடிச்சேன், அவன் சைகைன்னு நினைச்சுட்டான்.”

“அப்புறம் உங்களைப் பறக்க விட முடியாதுங்க. வண்டியில குத்தமில்லேன்னா சரிபண்ணிடலாம், ஆனா வேற ஆள்தான் ஓட்டணும்.”

“தெரியும் சார்.”

மெக்கானிக் புது இறக்கை பூட்டி, துணி தைத்து, வர்ணம் அடித்து அத்தையைத் தேற்றிவிட்டார். வாத்தியாருக்குக் கிடங்கில் சாமான் எடுத்துக்கொடுக்கும் வேலை கிடைத்தது. ஒரு காலையில் சத்தம் கேட்டு வெளியே வந்தார். முன் இருக்கையில் யாரோ ஒரு இளம் வாத்தியார். அத்தை ஓடினாள், எழும்பினாள்.

“எப்படிப் போறா பாத்தீங்களா?” மெக்கானிக்குக்குப் பெருமை தாங்கவில்லை.

வாத்தியார் அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் பறப்பதை அவர் பார்த்ததே இல்லை. என்றைக்கும் அவளுக்குள்தானே இருந்தார். இவ்வளவு சின்னவளா! மரங்களுக்கு மேலே, ஒரு ஆட்டமும் இல்லாமல், அவர் இல்லாத குறையே தெரியாமல் அழகாகத் திரும்பினாள்.