கோவிந்தராசுவுக்கு என்ன காய்ச்சல்?

1

இந்தக் கதை மன்னார்குடித் தெப்பக்குளத்துப் படிக்கட்டில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உதித்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் அது ஒரு கல்யாணப் பந்தியில், ரசத்துக்கும் பாயசத்துக்கும் நடுவே உதித்தது. பக்கத்து இலையில் பகலவன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், இப்போது மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர்.

"தொற்றுநோய்ப் பாடம் எடுத்தா பசங்க உக்காந்தபடியே தூங்குறானுங்கய்யா. நீ கதையா எழுதிக் குடு. என்ன காய்ச்சல்னு கண்டுபிடிக்கணும், மருந்து குடுக்கணும். அம்புட்டுதான்."

"கடைசியில நோயாளி செத்துடலாமா?"

"பாயசம் வர்ற நேரத்துல என்னய்யா பேச்சு இது?"

அவன் முடியாது என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சாவு இல்லாத கதையை இலக்கியம் என்று யார் ஒப்புக்கொள்கிறார்கள்?

2

முதல் தொடக்கம்: "அந்தக் கிராமத்துக்கு ஆடியில் காலரா வந்தது. ஆவணியில் டைபாய்டு. புரட்டாசியில் டெங்குவும் மலேரியாவும் கைகோத்துக்கொண்டு வந்தன. ஐப்பசியில்—"

ஐப்பசியில் ஊரில் ஆளே மிஞ்சவில்லை. பகலவன் கொடுத்த பாடத்திட்டத்தில் பாதி நோய் பாக்கி இருந்தது. கைவிட்டேன்.

(இன்னொரு சங்கடமும் உண்டு. எழுத எழுத எல்லா நோயும் எனக்கே வந்தது. டைபாய்டு எழுதிய அன்று வயிறு வலித்தது. மலேரியா எழுதியபோது, வெயிலில் உட்கார்ந்தபடி நடுங்கினேன். என் மனைவி பிரகதீஸ்வரி தெர்மாமீட்டரைப் பிடுங்கி எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டாள். அரிசி டப்பாவில் என்று சந்தேகம்.)

ஆகவே ஒரே நோயாளி, ஒரே காய்ச்சல்.

3

மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவில் ஓர் அரசு ஆஸ்பத்திரி. தேடிப் போகாதீர்கள், அதை நான்தான் கட்டினேன். அதனால்தான் எல்லா மின்விசிறியும் சுற்றுகின்றன.

அங்கே பயிற்சி மருத்துவர் பிரின்ஸி. படிப்பை முடித்த கையோடு வந்தவள். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொள்ள இன்னும் கூச்சம், பையில்தான் வைத்திருப்பாள். கார்த்திகை மாதத்து ஈரக் காலையில் அவள் வார்டுக்குள் நுழைந்தபோது, மூலைக் கட்டிலில் கோவிந்தராசு போர்த்திப் படுத்திருந்தார். குத்தகை நிலத்தில் சம்பா போட்டிருப்பவர். ஒரு வாரமாகக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. பக்கத்தில் மனைவி தங்கமணி.

"அட, செபஸ்தியம்மா டீச்சர் பொண்ணுல்ல?" என்றார் தங்கமணி. "எம் புள்ளைங்களுக்கு அ, ஆ சொல்லிக் குடுத்ததே உங்கம்மாதான். இனிமே எனக்குக் கவலையில்ல."

அந்தக் கவலை பிரின்ஸிக்கு வந்தது. முகம் தெரியாத நோயாளி என்றால் புத்தகத்தை நினைத்துக்கொள்ளலாம். இவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

அவளுக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடைசி வாக்கியத்தை முதலிலேயே எழுதி மேசை விளக்கில் ஒட்டிவைத்திருக்கிறேன்: "கதிர் முற்றி அறுப்புக்குக் காத்திருந்தது, அறுக்க வேண்டியவர்தான் இல்லை." எவ்வளவு நல்ல வாக்கியம்! ஏழாம் பகுதியில் அதை இறக்கப்போகிறேன். அதற்குள் காய்ச்சலின் பெயரை அவள் கண்டுபிடித்தாக வேண்டும்.

4

டெங்கு இல்லை. மலேரியா இல்லை. வெளியே ஒரு டாக்டர் டைபாய்டு என்று ஊசி போட்டிருந்தார்*. காய்ச்சல் அசையவில்லை. வயலில் எலி நடமாட்டம் உண்டு. ஆனால் கண் சிவக்கவில்லை, கெண்டைக்காலை அழுத்தினால் கத்தவில்லை. எலிக்காய்ச்சல் பட்டியலில் கீழே இறங்கியது.

"வேற என்ன பண்ணுது மாமா?"

"தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கு பாப்பா."

நெறி கட்டினால் பக்கத்தில் எங்கோ புண் இருக்க வேண்டும். காலில் இல்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குளையும் முதுகையும் பார்த்தாள். இல்லை.

"வேட்டியைக் கொஞ்சம் தளத்துங்க மாமா. இடுப்பைப் பாக்கணும்."

"டீச்சர் பொண்ணு முன்னாடியா? செத்தாலும் மாட்டேன்."

(இங்கே எனக்கு மகிழ்ச்சி. சாவுக்கு அவரே சம்மதித்துவிட்டார், பாருங்கள்.)

* மாணவர்களே, டைபாய்டுக்கான பழைய இரத்தப் பரிசோதனை வேறு காய்ச்சலிலும் 'ஆமாம்' போடும். அதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.

5

ஆண் நர்ஸ் குழந்தைராஜ் வந்து திரையை இழுத்துவிட்டார். தங்கமணி கணவரை ஒரு முறை முறைத்தார். வேட்டி தளர்ந்தது. அடியில், அரைஞாண் கயிற்றுக்கு மேல், விரல் தடிமனில் புதுக் கறுப்புக் கயிறு. வலது இடுப்பில் அழுந்திக்கொண்டு பெரிய தாயத்து.

"கூத்தாநல்லூர்ல அப்துல் மஜீது பாய் ஓதிக் கட்டினது. காய்ச்சல் விடுற வரைக்கும் கழட்டவே கூடாதும்மா" என்றார் தங்கமணி.

பிரின்ஸி நிமிர்ந்து பார்த்தாள். தங்கமணியை அல்ல, என்னை.

"சார், இந்தக் கயிறு மூணாம் பகுதியில இல்லையே?"

"அப்போ போர்த்தியிருந்தாரும்மா."

"நான் கண்டுபிடிச்சிடுவேன்னு இப்பதானே கட்டினீங்க?"

மாட்டிக்கொண்டேன். "கோபப்படாதே. வேணும்னா வெறிநாய்க்கடி தர்றேன். அது வந்தா யாரும் பிழைக்கிறதில்ல, உன்னைக் குத்தம் சொல்ல மாட்டாங்க."

"நாய் எங்க சார்?"

"எழுதிக்கலாம்."

அவள் கண் கலங்கிவிட்டது. "எனக்குப் பயமா இருக்கு சார். உங்களுக்கு இது கதை. இவரு எங்கம்மாவுக்கு வருஷா வருஷம் பொங்கலுக்குப் புது அரிசி கொண்டாந்து குடுக்கிறவரு."

அந்த அரிசியை நான் எழுதவே இல்லை. சத்தியமாக இல்லை.

6

காய்ச்சல் விட்டால்தான் கயிற்றைக் கழற்றலாம். கயிற்றைக் கழற்றி அடியில் பார்த்தால்தான் காய்ச்சல் விடும். இதை எழுதிவிட்டு வெற்றிக் களிப்பில் காபி குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் பிரின்ஸி பேசிக்கொண்டிருந்தாள்.

"கழட்ட வேணாம் அத்தை. தள்ளிக்குவோம். தள்ளக்கூடாதுன்னு சொன்னாரா?"

தங்கமணி யோசித்தார். எதற்கும் கேட்டுவிடலாமே என்று போனை எடுத்து அப்துல் மஜீதைக் கூப்பிட்டார். (இவருக்கு நான் ஒரு வசனமும் வைத்திருக்கவில்லை.)

"தாராளமா தள்ளுங்கம்மா!" என்று வார்டு முழுக்கக் கேட்டது குரல். "மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, அப்புறம் கயிறுன்னுதானே சொன்னேன்? கயிறை மட்டும் ஞாபகம் வச்சிக்கிட்டீங்களே!"

பிரின்ஸி தாயத்தை இரண்டு விரற்கடை மேலே தள்ளினாள். அடியில் வட்டமாக ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம்.

"வலிக்குதா?"

"அங்க ஒண்ணு இருக்கிறதே தெரியாது பாப்பா."

தங்கமணி குனிந்து பார்த்தார். "பீடி சுட்ட மாதிரில்ல இருக்கு? விட்டுட்டேன்னு கோயில்ல சூடம் அடிச்சி சத்தியம் பண்ணினீங்களே!"

"அடியே, இடுப்புலயா பீடி குடிப்பாங்க?"

பிரின்ஸி சிரித்தாள், அழுதாள், எந்த வரிசையில் என்று எனக்கே தெரியவில்லை. உண்ணிக் காய்ச்சல். வரப்புப் புல்லில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து வருவது. மாட்டுக்குப் புல் அறுத்த களைப்பில் அதே வரப்பில் படுத்துத் தூங்கியிருக்கிறார் மனிதர். இரத்தத்தை அனுப்பினாள், முடிவு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. பெரிய டாக்டரிடம் ஓடிப் போய்ச் சொல்லிவிட்டு, டாக்ஸிசைக்ளின் மாத்திரையோடு வந்து நின்றாள். காலையும் மாலையும், ஒரு வாரம்.

7

ஏழாம் பகுதி வந்துவிட்டது. விளக்கில் என் வாக்கியம் காத்திருக்கிறது.

பகலவன் போனில் சொன்ன முடிவு: இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கி, கோவிந்தராசு இட்லிக்குக் கெட்டிச் சட்னி கேட்கிறார். தங்கமணி விரும்பும் முடிவு: பிழைத்து வீட்டுக்கு வந்ததும், பீடி எங்கே என்று வேட்டி மடிப்பைச் சோதனை போடுவது. பிரகதீஸ்வரி என் வாக்கியத்தைப் படித்துவிட்டு, "அந்த மனுஷன் உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணினாரு?" என்று கேட்டாள். விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தேன். இடுப்பில் வேறு அரித்தது.

பிரின்ஸியின் உள்ளங்கையில் மாத்திரை. தங்கமணி கையில் தண்ணீர். கோவிந்தராசு வேட்டியைப் பிடித்த பிடியை விடாமல் வாயை மட்டும் திறக்கிறார். இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. "மறுநாள் காலையில் கோவிந்தராசு—" என்று ஆரம்பித்து வைத்திருக்கிறேன், நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். என் வாக்கியத்தை எடுத்தாலும் சரி, இட்லியை எடுத்தாலும் சரி.

ஆனால் மாணவரே, ஒன்று. நாளைக்கு உங்கள் வார்டில் மூலைக் கட்டிலில் ஒருவர் போர்த்திப் படுத்திருப்பார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவரை நான் எழுதவில்லை. அடித்துத் திருத்தவும் என்னால் முடியாது. யாருக்கோ அவர் பொங்கலுக்குப் புது அரிசி கொண்டுபோகிறவராக இருப்பார். அவர் இடுப்பிலும் ஏதாவது ஒரு கயிறு இருக்கும்.

கொஞ்சம் தள்ளிப் பாருங்கள்.