எதுவும் ஞாபகமில்லாத அம்மா

"நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!"

செங்கம் ரோட்டில் நகர ஆரம்பித்த பஸ்ஸைத் தட்டிக்கொண்டே ஓடினாள் கீதாஞ்சலி. மறுகையில் ஒரு புத்தகம். கிரிவலக் கூட்டத்தில் சொந்தக்காரர்களே விட்டுவிட்டுப் போனவர்களைத் தேடிப்பிடித்து, விசாரித்து, சிந்துஜா எழுதியது. அவள் இந்த பஸ்ஸில்தான் ஏறினாள் என்று லாட்ஜில் சொல்லியிருந்தார்கள்.

கண்டக்டர் விசிலடிக்க, பஸ் நின்றது. சிந்துஜாவே இறங்கி வந்தாள்.

"இதுல பேர மாத்தி எழுதியிருக்கீங்களே, பஸ் டிக்கெட்ட மடிச்சு வளையலுக்குள்ள செருகிக்கிற அம்மா... அது எங்கம்மாங்க! பௌர்ணமி அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு கூட நடக்கும்போது காணாமப் போயிட்டாங்க. எங்க இருக்காங்க?"

பின்னாலேயே பைக்கில் வந்து நின்றான் கணவன் அருண்பிரசாத். "எழுதறவங்க ஆயிரம் கதை விடுவாங்க. நீ வா, போலாம்."

சிந்துஜா தலைகுனிந்தாள். "போன மாசம் தவறிட்டாங்க. நான்தான் அடக்கம் பண்ணேன்."

கீதாஞ்சலி ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஞாபகமே இல்லன்னு எழுதியிருக்கீங்க. எங்கம்மாவுக்கு என் போன் நம்பர் மனப்பாடங்க. ஒரு வாட்டிகூட ஏன் கூப்பிடல?"

சிந்துஜா அருண்பிரசாத்தைப் பார்த்தாள். அவன் வேறெங்கோ பார்த்தான்.

"அந்தப் புத்தகத்துல பொய் அது ஒண்ணுதாம்மா. அவங்க கேட்டுக்கிட்டதால எழுதினேன். 'டீ வாங்கினு வரேன்னு என்னை உக்கார வெச்சிட்டுப் போனவன் எம் மருமவன். தெரிஞ்சா எம் பொண்ணு அவங்கூட வாழமாட்டா. எனக்கு எதுவும் ஞாபகமில்லன்னே எழுதிடு'ன்னாங்க."