கால் தவறவில்லை

வக்கீல் தன் கணினித் திரையைச் சக்கர நாற்காலியின் பக்கம் திருப்பி வைத்தார். நாற்காலியில் இருந்தவளுக்கு ஏறியும் இறங்கியும் ஓடிய கோடுகள் மட்டும்தான் தெரிந்தன. பின்னால் நின்ற கணவன் குனிந்து பார்த்தான்.

“உங்க காருக்குள்ளயே சின்னதா ஒரு பெட்டி இருக்கு. இடிக்கிறதுக்கு முன்னாடி வண்டி என்ன பண்ணுச்சுன்னு அது பதிஞ்சு வெச்சிடும். லாரிலயும் ஒண்ணு இருக்கு,” என்றார் வக்கீல். “லாரி ரிவர்ஸ்ல வந்து இடிச்சுதுன்னு நாம கேஸ் போட்டோம். ரெண்டு பெட்டியையும் பார்த்தா, லாரி சும்மா நின்னுட்டுதான் இருந்திருக்கு. உங்க கார்ல பிரேக்கே மிதிபடல. ஆக்ஸிலரேட்டர் முழுசா அழுந்தியிருக்கு. ஸ்டியரிங் இம்மிகூடத் திரும்பல.”

இடுப்பெலும்பு நொறுங்கி அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, லாரி பின்னோக்கி வந்து இடித்த கதையைப் போலீஸிடம் சொன்னவன் கணவன்தான். மருந்து மயக்கத்தில் அவள் தலையாட்டி வைத்தாள். லாரி ஓட்டியவருக்கு வேலை போயிற்று. கணவனுக்கு நெற்றியில் ஒரு கீறலோடு சரி. அன்றிலிருந்து அவளைக் குளிப்பாட்டுவதும் கழிப்பறைக்குத் தூக்கிப்போவதும் அவன்தான். இப்படி ஒரு மனுஷன் அமையக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் வாய் ஓயவில்லை. அவளுடைய போனும் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. கீழே போட்டுவிடுவாளாம்.

“லாரி மேல போட்ட கேஸ் இனி நிக்காது,” என்றார் வக்கீல். “ஆனா கூட உட்கார்ந்து வந்தவங்கங்கிறதால, உங்க கார் இன்சூரன்ஸ்லயே இவங்களுக்கு நஷ்டஈடு கேட்டுப் பார்க்கலாம். அதுக்கு வண்டி ஓட்டின நீங்க உங்க தப்பை ஒத்துக்கணும். பதட்டத்துல பிரேக்குன்னு நெனச்சு மாத்தி மிதிச்சிட்டீங்களா சார்?”

“அதேதான் சார்.” கணவன் கப்பென்று பிடித்துக்கொண்டான். “கால் தவறிடுச்சு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு.” அவன் கை அவள் தோளில் வந்து உட்கார்ந்தது. “நீயே சொல்லும்மா.”

அன்று காரில் அவள் சொன்னது இதுதான்: “என்னை அக்கா வீட்டுல எறக்கி விட்டுடுங்க. இனிமே உங்ககூட என்னால முடியாது.” இன்ஜின் உறுமியது. அவள் அலறியபோது அவன் சாலையைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வக்கீல் அவள் முகத்தைக் கவனித்தார். பிறகு கணவனிடம், “லைசென்ஸுக்கு ஒரு ஜெராக்ஸ் வேணும் சார். கீழ கடைல எடுத்துட்டு வந்துடுங்களேன்,” என்றார். அவன் தயங்கித் தயங்கித்தான் போனான்.

கதவு மூடியது. “அவர் வர்றதுக்குள்ள சொல்லுங்கம்மா. கால் தவறிச்சா?”

“தவறலைன்னு சொன்னா என்ன ஆகும்?”

“போலீஸ் கேஸ் ஆகும். நஷ்டஈடு கிடைக்குமான்னு என்னால சொல்ல முடியாது. முக்கியமா, நீங்க அந்த வீட்ல இருக்கக் கூடாது. போக எடம் இருக்கா?”

அக்கா வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இருந்தும் வக்கீலின் போனை வாங்கிப் பேசினாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஏண்டி, வேணும்னே செஞ்சவர் உன்னை இந்தத் தாங்கு தாங்குவாரா? மாத்திரை போட்டுப் போட்டு உனக்குக் கண்டதும் தோணுது,” என்றாள்.

அந்தக் கேள்வியை அவளே தன்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். வலிக்காமல் அவளைத் தூக்கத் தெரிந்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான்.

“கால் தவறல சார்,” என்றாள். “என்னைப் பார்த்துக்கிட்டே மிதிச்சார். லாரிக்காரர் மேல எந்தத் தப்பும் இல்ல. எழுதிக்குங்க.”

வக்கீல் எழுதி முடிப்பதற்குள் கதவு திறந்தது. “கடை பூட்டியிருக்கு சார்,” என்று வந்தவன் நேராக நாற்காலியின் பிடியைப் பற்றினான். வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் வேண்டாமென்று கண்ணைக் காட்டினாள். அவன் கை தன் கழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது அந்தப் பேச்சு எழுவதில் அவளுக்கு விருப்பமில்லை.

“என்ன கேட்டார்?” என்றான் லிஃப்டில்.

“கால் தவறிச்சான்னு கேட்டார். ஆமான்னேன்.”

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல உள்ளே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். ஊட்டிவிட்டான். அவள் மென்று விழுங்கினாள். பணம் வந்தால் வாசலில் நாற்காலி ஏற ஒரு சரிவு கட்டலாம் என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தான். தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கவனம் வாசலுக்குப் போனது.

சாயங்காலம் மணி அடித்தது. வக்கீலோடு இரண்டு பெண் போலீஸ் நின்றார்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை அவன் கேட்டான். பிறகு அவள் பக்கம் திரும்பி, “கொழந்தை மாதிரி பார்த்துக்கிட்டேனே,” என்றான். அவன் சொன்னது பொய்யில்லை.

இப்போது அவள் ஒரு பராமரிப்பு இல்லத்தில், சுவரோரக் கட்டிலில் இருக்கிறாள். அங்கே தூக்குகிறவர்களுக்குப் பதம் தெரிவதில்லை. பல்லைக் கடித்துக்கொள்கிறாள். லாரிக்காரருக்குத் திரும்ப வேலை கொடுத்துவிட்டார்கள் என்று வக்கீல் வந்து சொன்னார். அன்று மட்டும் வயிறாரச் சாப்பிட்டாள்.

அக்கா ஒருமுறை வந்தாள். அவன் ஜாமீனில் வந்திருப்பதையும், பாதியாக இளைத்துப்போனதையும், நாலு பேர் என்ன பேசுகிறார்கள் என்பதையும் கட்டிலோரம் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். எழுந்து போக வழியில்லாததால், அவள் கூரையைப் பார்த்தபடி அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.