கடிக்காத ஷூ

என் வீட்டுக்காரரோடு செருப்புக் கடைக்குப் போவதைவிட, காளை மாட்டில் பால் கறந்துவிட்டு வரலாம். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் ஒவ்வொரு முறையும் நான் தலைவலியோடுதான் திரும்பியிருக்கிறேன். எதைப் போட்டாலும் மனிதர் முகத்தைச் சுளிப்பார். இது குதிகாலில் கடிக்கிறது, அது சுண்டுவிரலை நெருக்குகிறது, இதில் நடந்தால் பொத்துப் பொத்தென்று சத்தம் வருகிறது. கடைக்காரர்கள் பெட்டிகளை அடுக்கி அடுக்கி ஓய்ந்துபோவார்கள். கடைசியில் பழைய செருப்பையே மாட்டிக்கொண்டு வெளியே வருவார். நான் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வருவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் கல்லுளிமங்கன். அப்படித்தான் எங்கள் காலம் ஓடியது.

இந்த முறை வாங்காமல் வர முடியாது. அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்தைந்து வருடத்தில் ஒரு விபத்துகூட இல்லை என்று டிப்போவில் மெடல் கொடுக்கப்போகிறார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விழா. மேடை ஏறுகிறவர்கள் முழுச் சீருடையில், கயிறு கட்டிய கறுப்புத் தோல் ஷூவோடு வரவேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். டிப்போவில் அவருக்குப் பெயரே 'மெத்தை'தான். அவர் பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டாம், மெத்தையில் உட்கார்ந்த மாதிரி வண்டி நிற்கும். நான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறவள். தினமும் அவருடைய ஆறே முக்கால் வண்டியில், அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்துதான் போவேன். பல நாள் அந்த இருக்கையிலேயே வாயைப் பிளந்து தூங்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போனோம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குட்டை முக்காலியைப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். முதல் ஜோடியை மாட்டினாள்.

"நல்லா இருக்கு" என்றார்.

எனக்கு நம்பமுடியவில்லை. "கடிக்கலையா?"

"இல்லையே."

இரண்டாவது ஜோடி. அதுவும் நல்லா இருக்கு. மூன்றாவது முனை கூர்மையாக, பார்த்தாலே விரல் வலிக்கும்போல இருந்தது. அதுவும் நல்லாவே இருக்கு.

"ஏங்க, இன்னிக்கு மழை கொட்டப்போகுது பாருங்க" என்றேன். அந்தப் பெண்ணிடம், "இந்த மனுசன் ஒரு செருப்பைச் சரின்னு சொல்லி நான் கேட்டதே இல்லம்மா. மெடல் வருதுன்னதும் காலுக்குக்கூடப் புத்தி வந்திருச்சு" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

நான்காவது ஜோடியைக் கட்டிக்கொண்டு கண்ணாடிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். "சுகமா இருக்கு. இதையே போட்டுக் குடுங்க."

அந்தப் பெண் வழக்கம்போல ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். இன்னொரு தடவை அழுத்தினாள். பிறகு கயிற்றை அவிழ்த்து, வலது ஷூவைக் கழற்றி உள்ளே கையை விட்டாள். புது ஷூவின் வடிவம் கெடாமல் இருக்க முனையில் காகிதம் கசக்கி வைத்திருப்பார்களே, அது வெளியே வந்தது. எலுமிச்சம்பழம் அளவு இருக்கவேண்டியது, மிதிபட்டு அப்பளமாகத் தட்டையாகியிருந்தது.

"ஐயோ, எடுக்க மறந்துட்டேன், மன்னிச்சுக்கங்க" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். காகிதத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அண்ணே, இது உங்களுக்குத் தெரியலையா?"

"என்னமோ இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு" என்றார் அவர். குரலே சரியில்லை.

"சர்க்கரை இருக்காண்ணே?"

"ஒம்பது வருஷமா மாத்திரை போடறாரு" என்றேன் நான்.

அவள் அவருடைய காலுறையைக் கழற்றினாள். பேனா மூடியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "எங்க வீட்லயும் ஒருத்தருக்கு இப்படித்தான் ஆச்சு. கண்ணை மூடிக்கங்கண்ணே. நான் தொடும்போது சொல்லுங்க."

அவர் கண்ணை மூடினார். அவள் பெருவிரலைத் தொட்டாள். பாதத்தின் நடுவில் அழுத்தினாள். குதிகாலில் குத்தினாள். அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட பிறகு, "இப்போ" என்றார்.

கடைசியில் அவளே ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். அகலமானது, உள்ளே மெத்தென்று இருந்தது. போடும் முன் உள்ளே கைவிட்டுப் பார்க்கவேண்டும், கயிற்றை இறுக்கக்கூடாது, கழற்றியதும் பாதத்தை உற்றுப் பார்க்கவேண்டும் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். சீக்கிரம் டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள். அவர் வேலை என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

தெருவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"ரெண்டு வருஷமா! அந்தக் காலை வச்சுக்கிட்டா பிரேக் போடறீங்க? அது எங்கே இருக்குன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"முழங்கால்ல தெரியும். எஞ்சின் சத்தத்துல தெரியும். அப்பப்போ குனிஞ்சு பாத்துக்குவேன்." அவர் ஷூப் பெட்டியை மாரோடு அணைத்துக்கொண்டு நடந்தார். "இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே."

மூன்று மாதம் முன்பு ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இன்னொன்று எங்கே கழன்று விழுந்தது என்றே தெரியவில்லை என்றார். "காலு வீடு வந்துருச்சு, செருப்பு எங்கேன்னு தெரியலையாம்" என்று நான் கிண்டல் செய்தேன். எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தேன். மறுநாளிலிருந்து அவர் கான்வாஸ் ஷூ போட்டு, கயிற்றை முடிச்சுமேல் முடிச்சாக இறுக்கிக் கட்ட ஆரம்பித்தார். அதையும் பார்த்தேன். பார்த்து என்ன, என் மரமண்டைக்கு எட்டவில்லை.

வீட்டு வாசலில் நின்று அவர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு. மேடை ஏறி இறங்கிட்டேன்னா, சனிக்கிழமை காலைல நானே போய் எழுதிக் குடுத்துடறேன். என் வாயால நானே சொல்லிடறேன். அஞ்சு நாள்தான்."

இருபத்தாறு வருடத்தில் அந்த மனிதர் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. சோற்றில் உப்பில்லை என்றுகூடக் கேட்டதில்லை. "சரி" என்றேன். அவர் சத்தியம் எதுவும் கேட்கவில்லை. நான் சொன்னது அவருக்குப் போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை ஆறே முக்கால் வண்டியில் ஏறினேன். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு நிறுத்தம் வரும்போதும் அவர் தலை இம்மியளவு குனிவதைப் பார்த்தேன். சாலையைப் பார்க்கவேண்டிய கண், ஒரு நொடி காலைப் பார்த்துவிட்டு மறுபடி சாலைக்கு வரும். எத்தனை நாள் இதே முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்! ஏதோ அசதி என்றுதான் நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்து நிறுத்தத்துக்கு முன்னால் நான்கைந்து சிறுமிகள் கையைக் கோத்துக்கொண்டு குறுக்கே ஓடினார்கள். அவர் தலை குனிந்தது, நிமிர்ந்தது, வண்டி நின்றது. மெத்தை மாதிரிதான் நின்றது. நின்றுகொண்டிருந்த ஒருவர்கூட அசையவில்லை. சிறுமிகளில் ஒருத்தி அவரைப் பார்த்துக் கையாட்டினாள், அவரும் ஆட்டினார். ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் நாளைக்கும் இந்தப் பிள்ளைகள் ஓடும். அதற்கு மறுநாளும் ஓடும். அந்த ஒரு நொடி அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தால்?

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். "ஏன் இங்கே?" என்று கண்ணாடி வழியாகக் கண்ணால் கேட்டார். தலைவலி என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். வண்டி போனதும் டிப்போவுக்கு நடந்தேன். பாதி வழியில் அழுகை வந்தது, துடைத்துக்கொண்டு நடந்தேன்.

டிப்போ மேலாளர் நல்ல மனிதர். நான் சொன்னதைக் கேட்டு முகம் வெளுத்துப்போனார். உடனே போன் செய்து, வண்டி கடைசி நிறுத்தம் சேர்ந்ததும் வேறு ஓட்டுநரிடம் ஒப்படைக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "மெடல் எங்கேயும் போகாதும்மா. இருபத்தஞ்சு வருஷம் ஓட்டினது ஓட்டினதுதான். ஆனா இனிமே அவர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. வேற ஏதாச்சும் உட்கார்ற வேலை பாத்துத் தரேன்" என்றார்.

நான் எழுந்து கும்பிட்டேன். அத்தோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். என் வாய்தான் நீளமாயிற்றே. "ஐயா, பொண்டாட்டி வந்து காட்டிக் குடுத்தான்னு தெரிஞ்சா அவருக்கு அசிங்கம். அவரே வந்து சொன்னதா இருக்கட்டும்யா" என்றேன். அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன், சத்தியமாக. மேலாளரும் தலையாட்டினார்.

அன்று மத்தியானம் அவர் வேறொருவர் ஓட்டிய வண்டியில், பயணியாகக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தாராம். எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். வீட்டுக்குள் வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைச்சிட்டியே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் களைத்துப்போய்ச் சொன்னார். "அஞ்சு நாள் கேட்டேன். சரின்னு சொன்னியே."

அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லலாமென்று வாயெடுத்தேன். சொல்லாமல் போய் அவருக்குச் சோறு எடுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு நான்கு நாளும் அவர் என்னோடு பேசவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனேன், வந்தார். சோறு போட்டேன், தின்றார். வியாழக்கிழமை சாயங்காலம் தனியாக உட்கார்ந்து ஷூவைத் துடைத்தார். நான் துடைக்கிறேன் என்று கை நீட்டியதற்கு அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஷூவைக் கட்டித் தயாராக நின்றார். சீருடையில் பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தார். விழாப் பந்தலில் நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். அவர் பெயரைக் கூப்பிட்டதும் "மெத்தை! மெத்தை!" என்று டிப்போவே கத்தியது. படியில் ஏறும்போது மட்டும் குனிந்து காலைப் பார்த்து ஏறினார்.

மெடலைக் குத்திவிட்டு மேலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இவர்கிட்ட நாம கத்துக்க வேண்டியது இன்னொண்ணு இருக்கு. தன் உடம்புல குறை இருக்குன்னு தெரிஞ்சதும் இவராவே என்கிட்ட வந்து சொன்னார். விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது சொன்னார். வேற யாராவது சொல்லியிருப்பாங்களா?"

மெடலுக்குத் தட்டியதைவிட அதற்குத்தான் பலமாகத் தட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார், பிறகு எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்து நிற்கவேண்டியதாயிற்று. அவர் மேடையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, திருடனைப் பிடித்து வைத்த மாதிரி நின்றார். சனிக்கிழமை அவர் தன் வாயால் சொல்லியிருப்பார். எனக்குத் தெரியும், சொல்லியிருப்பார். அந்த ஒன்றாவது அவருடையதாக இருந்திருக்கும். அதையும் பிடுங்கி, இல்லாத பெருமையாக்கி அவர் தலையில் கட்டிவிட்டேன். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடவேண்டும்போல இருந்தது.

கைகுலுக்கல், படம் பிடித்தல் எல்லாம் முடிந்து வீடு வந்து சேர ஒரு மணியாயிற்று. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்து ஷூக் கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சுமேல் முடிச்சு போட்டிருந்தார். கழன்று விழுந்துவிடும், மேடையில் மானம் போய்விடும் என்று பயந்திருக்கிறார். பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. வலது காலுறை ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்தேன். கயிறு இறுக்கிய இடத்தில் தோல் வழண்டு ரத்தம் கசிந்திருந்தது. அந்தப் பெண் தேடிக் கொடுத்த மெத்தென்ற ஷூ. இதோடுதான் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார், சிரித்திருக்கிறார், படத்துக்கு முகம் காட்டியிருக்கிறார்.

எனக்குத் தாங்கவில்லை. இரண்டு பாதங்களையும் கையில் பிடித்தேன். இத்தனை வருடத்தில் நான் யார் காலையும் பிடித்தவளில்லை. என் சுபாவத்துக்கு அது வராது. அன்று பிடித்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன், கண்ணீர் அவர் விரல்களில் வழிந்தது. சத்தம் வெளியே வரவில்லை. மனதுக்குள்ளேயே கேட்டேன், என்னை மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க என்று. இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே, நான்கு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என்னோடு பேசினார்.

"என்ன, இன்னுமா கழட்டலை?"