வைரஸ் போன பிறகு

சுருளிராஜன் லோயர் கேம்ப் மின் நிலையத்தில் ஆபரேட்டர். நாற்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் தகையவில்லை. பிறகு அந்தப் பேச்சை எடுக்கவும் ஆள் இல்லாமல் போயிற்று. அண்ணன் கோட்டைச்சாமி அனுமந்தன்பட்டியில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தார். அம்மா இருந்தவரை இவன் அடிக்கடி போய்வருவான். அவள் போனபின் போக்குவரத்து குறைந்தது. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. ஷிப்டு இருந்ததால் இரண்டு திருவிழாவுக்கு இவன் போகவில்லை, அடுத்த திருவிழாவுக்கு அங்கிருந்து யாரும் கூப்பிடவில்லை. அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு என்றார்கள். ஒரு வாரத்தில் விடவேண்டிய காய்ச்சல் விடவில்லை. பல் ஈறில் ரத்தம் கசிந்தது, எழுந்தால் கண் இருட்டியது. கூட வேலை பார்க்கும் இம்மானுவேல்தான் காரில் போட்டு தேனி ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தான்.

சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றுமே சரிந்துகொண்டு வந்தன. இடுப்பெலும்பில் ஊசி விட்டு மஜ்ஜை எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர் அபிதா.

"கூட யாரு இருக்காங்க?"

"அண்ணன் வந்துக்கிட்டு இருக்காக."

அண்ணனுக்கு அவன் தகவலே சொல்லியிருக்கவில்லை. நாதியற்றவன் என்று அந்தப் பெண் நினைத்துவிடக் கூடாது என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மரத்துப்போக ஊசி போட்டிருந்தும், மஜ்ஜையை உறிஞ்சும்போது காலோடு உயிரைப் பிடுங்குவதுபோல் இருந்தது. சிஸ்டர் மாரீஸ்வரி கையைக் கொடுத்தாள். இறுகப் பிடித்துக்கொண்டான். வேலை முடிந்த பிறகும் விட மனமில்லை. வெட்கப்பட்டுத்தான் விட்டான்.

மறுநாள் டாக்டர் மஜ்ஜையின் படத்தைப் போனில் காட்டினார். பெரிதாய் உப்பிய ஓர் அணு, அதன் வயிற்றுக்குள் சின்னச் சின்ன வட்டங்கள்.

"உள்ள கெடக்கிறது உங்க ரத்த அணுக்கள். இது அதையெல்லாம் முழுங்கிட்டு நிக்குது."

"இதுதான் டெங்குக் கிருமியா டாக்டர்?"

"இல்ல. இதுவும் உங்க அணுதான். கிருமி வந்தா அதையும், அதால செத்த அணுக்களையும் தின்னு சுத்தம் பண்றது இதோட வேலை. மத்த அணுக்கள் ஆபத்து ஆபத்துன்னு சேதி அனுப்பும், இது வேகமெடுக்கும். உங்களுக்கு வைரஸ் போயிருச்சு. ஆனா சேதி நிக்கல. அதான் நல்ல அணுவையும் விடாமத் திங்குது. எப்பவாவது ஒருத்தருக்கு இப்படி ஆகும்."

"நிப்பாட்ட முடியுமா?"

"மருந்து இருக்கு. ஆனா அது எதிர்ப்புச் சக்தியவே அமுக்கி வைக்கும். யாரும் பக்கத்துல வரக் கூடாது. தனி ரூம்தான்."

சுருளிராஜனுக்குச் சிரிப்பு வந்தது. "அது எனக்குப் பழக்கந்தான் டாக்டர்."

ஆனால் பழக்கமில்லை என்று அந்த அறையில்தான் தெரிந்தது. குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தாலும் டர்பைன் சத்தம் எந்நேரமும் காதில் விழும். இங்கே சத்தமே இல்லை. மாஸ்க் போட்டவர்கள் வந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், போனார்கள். டிரிப்ஸ் ஒழுங்காக இறங்கினாலும், "இறங்கலபோல, பாருங்க சிஸ்டர்" என்று சும்மாவே மாரீஸ்வரியைக் கூப்பிட்டான். அவளும் தெரிந்துகொண்டே பார்த்துவிட்டுப் போனாள்.

"ஒங்க அண்ணன் இன்னும் வரலையே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நடவு நேரம். அங்கன விட்டுட்டு வர முடியல."

பொய்க்குத் துணையாக இன்னொரு பொய்.

தட்டணு கொடுக்க வந்திருந்த இம்மானுவேல் கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று கையை ஆட்டினான். ஷிப்டு மாறும்போது பேசும் நாலு வார்த்தையைத் தவிர அவர்களுக்குள் பேச்சு இருந்ததில்லை. "வாறேண்ணே" என்று வாயசைத்துவிட்டு அவன் போய்விட்டான். கண்ணாடியில் அவன் மூச்சுப் பட்ட இடம் மறையும்வரை சுருளிராஜன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மருந்து கேட்டது. காய்ச்சல் இறங்கியது. அணுக்கள் மெல்ல மெல்ல ஏறின. மாதக் கடைசியில் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். இம்மானுவேலுக்கு அன்று ஷிப்டு. சுருளிராஜன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு குமுளி பஸ்ஸில் ஏறினான்.

உத்தமபாளையம் தாண்டியதும் அண்ணனுக்குப் போன் போட்டான். மணி அடித்து அடித்து நின்றது. அனுமந்தன்பட்டி நிறுத்தத்தில் நாலு பேர் இறங்கினார்கள். இவன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தான்.

சாயங்காலம் குவார்ட்டர்ஸில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டார்.

"என்னடா, கூப்பிட்டியா? தண்ணி பாச்சிக்கிட்டு நின்னேன்."

"சும்மாத்தாண்ணே."

"விசேசம் ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லண்ணே."

அண்ணன் வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தான்.

"ஏலே, கொரல் ஏன் கம்மிக் கெடக்கு?"

சுருளிராஜன் அடுப்பை அணைத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"காய்ச்சல் வந்துச்சுண்ணே," என்று தொடங்கினான்.